கோமதிநாயகத்தின் கை

கோமதிநாயகம் செவ்வாய்க்கிழமை விடியக்காலையில் இறந்துபோனார். பொருநை மாநகராட்சி அதை ஒப்புக்கொள்ளவில்லை.

இதில் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. முந்தின வெள்ளிக்கிழமையிலிருந்து அந்த நகரத்தில் யார் செத்தாலும் மாநகராட்சி ஒப்புக்கொள்ளும் நிலையில் இல்லை. பிறந்தாலும் அதே கதிதான். பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த குழந்தைகள் எல்லாம் சட்டப்படி இன்னும் உலகத்துக்கு வந்து சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தாலி கட்டிய மாப்பிள்ளை ஒருவர் பெண்வீட்டு வாசலில் பட்டுவேட்டியோடு நின்றார். கதவு அவர் கையை அந்நியன் கையாகவே பாவித்தது. மாமனார் வந்து தன் கையை வைத்துத்தான் மருமகனை உள்ளே விட்டார்.

பொருநை நகரத்துப் பிள்ளைகள் சாவி என்ற பொருளைப் பாடப்புத்தகத்துப் படத்தில்தான் பார்த்திருந்தார்கள். கதவு, குழாய், லிஃப்ட், பள்ளிக்கூடம், மின்மயானம் எல்லாமே ‘வாயில்’ என்கிற ஒரே சர்வரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவை. சுவரில் இருக்கும் கண்ணாடித் தட்டில் கையை வைத்தால் போதும். சர்வர் உங்கள் ஃபைலைப் புரட்டி, நீங்கள் இன்னார், உயிரோடு இருக்கிறீர்கள், இந்தக் கதவுக்கு உரியவர்தான் என்று பார்த்துத் திறந்துவிடும். மனிதனுக்கு ஒரு ஃபைல், கதவுக்கு ஒரு ஃபைல், சாக்கடை மூடிக்குக்கூட ஒரு ஃபைல்.

அந்த வாயிலைத்தான் வெள்ளிக்கிழமை ‘வாயில் ஒன்பது’ என்று உயர்த்தினார்கள். மேளதாளம், குத்துவிளக்கு, சர்வர் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம். எண்ணிம ஆளுகைத் தலைமை இயக்குநர் முனைவர் தெய்வசிகாமணி, தேக்குப் பலகையில் பதித்த பெரிய சிவப்புப் பொத்தான் ஒன்றைப் பூமாரிக்கு நடுவே அமுக்கினார். அந்தப் பொத்தான் எதோடும் இணைக்கப்பட்டிருக்கவில்லை. பின்கட்டுக் குளிர்சாதன அறையில் துப்பட்டாவை இறுக்கிப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த சங்கரவடிவு, வெளியே கைதட்டல் கேட்டதும் உண்மையான கட்டளையைத் தட்டினாள்.

வடிவுதான் வாயிலின் பொறியாளர். வேலையை அவள் பார்ப்பாள், விளக்கத்தை இயக்குநர் சொல்வார் என்பது அலுவலக ஏற்பாடு. அன்று சாயங்காலமே அவள் கண்டுபிடித்துவிட்டாள்: புது வாயில் எல்லா ஃபைலையும் படிக்கிறது, ஒன்றிலும் எழுத மாட்டேன் என்கிறது. உயிரோடிருப்பவனை உயிரோடிருப்பவன் என்று சரியாகப் படிக்கும். அவன் செத்துவிட்டான், எழுதிக்கொள் என்றால் ‘அனுமதி இல்லை’ என்று பதில் வரும்.

ஓடிப்போய் இயக்குநரிடம் சொன்னாள்.

“புகார் எதாவது வந்திருக்கா?” என்றார் அவர்.

“புகாரையும் எழுதித்தானே சார் ஆகணும்? எதையுமே எழுத முடியலை.”

“அப்ப புகாரே இல்லைன்னு சொல்லும்மா.” அவர் முகம் மெல்ல மலர்ந்தது. “வாயில் ஒன்பது வந்ததுலருந்து ஒரு புகார்கூட இல்லை! இந்த ஊர் சரித்திரத்துலயே இப்படி நடந்ததில்லை, தெரியுமா?”

புதன்கிழமை கலையரங்கத்தில் பாராட்டு விழா என்று அவர் முடிவுசெய்தது அந்த நிமிஷத்தில்தான். தலைநகரிலிருந்து செயலாளரே வந்து விருது கொடுப்பதாக ஏற்பாடானது.

புதன் காலை, விழாவுக்குப் போகும் வழியில், முன்பு தன் அலுவலகத்தில் வேலைபார்த்த கோமதிநாயகத்தின் வீட்டுக்கு வடிவு துக்கம் கேட்கப் போனாள். நதியோரக் குடியிருப்பின் கடைசித் தெரு பசியோடு நின்றுகொண்டிருந்தது. பிணம் எடுக்கும்வரை அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். சாவு விழுந்தால் ஒரு வேளைப் பட்டினி என்பது அவர்களுக்குப் பழக்கம்தான். ஆனால் கோமதிநாயகத்தை நேற்றே எடுத்தாயிற்று. பூத்தேரில் உட்காரவைத்து, மேளம் முழங்க மின்மயானம்வரை கொண்டுபோயாயிற்று. அங்கே உலைக்கதவுத் தட்டில் அவர் கையை வைத்ததும், தேன் தடவிய பெண் குரல் ஒன்று, ‘மன்னிக்கவும், உயிருள்ளவர்களுக்கு இங்கே சேவை இல்லை’ என்று சொல்லிவிட்டது. எடுத்த பிணம் வீடு திரும்பியதை அந்தத் தெரு முன்னே பின்னே கேட்டதில்லை. இப்படி ஒரு நிலைமைக்கு அடுப்பை என்ன செய்வது என்று சொல்லவும் ஆளில்லை. ஆகவே மூட்டாமலே இருந்தார்கள்.

“தாயி, ஆபீஸ்காரவுக வந்தாச்சா?” என்று பக்கத்து வீட்டு பவுல்ராஜ் எழுந்து வந்தார். “நேத்துக் காலையிலருந்து வயித்துல ஒரு வாய் காப்பி இல்ல. கோமதி அண்ணாச்சி உசுரோட இருந்தப்பவும் யாரையும் நிம்மதியா இருக்க விட்டதில்ல. செத்தும் விடமாட்டேங்காரு.”

“சும்மா கெடங்க பவுல்ராசு,” என்றது உள்ளிருந்து ஒரு குரல். “அவுக இன்னும் சாகலியாம். கேட்டுக்கிடப் போறாக.”

ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் உலகம்மாள், கோமதிநாயகத்தின் மனைவி. அவள் அழவில்லை. அழுகைக்கு வேண்டிய இடத்தையெல்லாம் கோபம் பிடித்துக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் கோமதிநாயகம், சாயம் மங்காத கறுப்பு மீசையோடு, யாரோ பேசுவதை மறுக்கப்போகிற தோரணையில் படுத்திருந்தார்.

“வாம்மா வடிவு. உங்க ஆபீஸ் கணக்குல எம்புருசன் உசுரோட இருக்காகளாமே? அப்போ வேலைக்குத் திரும்பச் சொல்லுதியளா?”

வடிவு பக்கத்தில் உட்கார்ந்தாள். “பக்கத்து ஊர் மயானத்துக்குக் கொண்டுபோயிரலாம்ல மதினி?”

“எல்லைக் கதவு சும்மா விடுமா? இறப்புச் சீட்டு இல்லாமப் பொணம் தாண்டக் கூடாதாம். மேலத்தெருவுல ஒருத்தரைக் கூலிங் கிளாஸ் மாட்டி, காருல ரெண்டு பேருக்கு நடுவுல உக்காரவச்சு, தூங்குதாருன்னு சொல்லிக் கடத்திட்டுப் போயிருக்காக. எந்தம்பி அதே யோசனையை இங்கயும் வந்து சொல்லுதான்.” உலகம்மாளின் குரல் உயர்ந்தது. “இவுக என்ன சாராயப் பாட்டிலா? எம்புருசனை நான் கள்ளச்சரக்கு மாதிரி கொண்டுபோக மாட்டேன். இந்த ஊருலதான் பொறந்தாக. இந்த ஊருலதான் வேகணும். எதனால எழுத மாட்டேங்கு உங்க மிசினு? எனக்குப் புரியுத மாதிரி சொல்லு.”

வடிவு ஒருமுறை ஐஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டாள்.

“ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு உரிமையாளர் உண்டு மதினி. அதைப் பார்க்க, எழுத, இயக்கன்னு மூணு அனுமதி. யாருக்கு எது உண்டுங்கிறதை அந்த உரிமையாளர்தான் சொல்லணும். பழைய வாயிலை இங்க நிறுவினது நம்ம அண்ணாச்சி. அது ஓடுறதுக்குத் தனியா ஒரு கணக்குத் தொடங்கணும். அண்ணாச்சி தொடங்கலை. தன் பேருலயே ஓடவிட்டுட்டார்.”

“சோம்பலா, திமிரா?”

“ரெண்டும்னுதான் நினைக்கிறேன்.”

“ரெண்டும்தான்,” என்றாள் உலகம்மாள், சாட்சி சொல்கிற மாதிரி.

“அவரை வேலையை விட்டு அனுப்பினப்ப அந்தக் கணக்கை மூடப் பார்த்தாங்க. மூடினதும் ஊரே நின்னுபோச்சு. பதறிப்போய்த் திறந்துவிட்டுட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி இருந்துட்டாங்க. இப்ப புது வாயில் தன் சொந்தப் பேருல ஓடுது. ஆனா ஊருல உள்ள ஃபைல் எல்லாமே அண்ணாச்சி பேருல கிடக்கு. அவர் சரின்னு சொல்லாம அது எதுலயும் எழுத முடியாது.”

உலகம்மாள் பெட்டிக்குள் இருந்த மீசையைப் பார்த்தாள்.

“இந்த ஊரே என் பேருல இருக்கு வேன்னு டீக்கடைக்கு டீக்கடை சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாகளே…”

“பொய்யில்லை மதினி.”

“வாடகை வீட்டுலயே காலம் போச்சு. பாரேன், ஊரு இருந்திருக்கு.” சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். “அப்போ சனிக்கிழமை மீசைக்குச் சாயம் போட்டுக்கிட்டு உங்க ஆபீசுக்கு வந்தது இதுக்குத்தானா?”

இதற்குத்தான். கோமதிநாயகம் சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் வந்து வரவேற்பறையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை கையை வைத்தால் சரிபண்ணிவிடுவேன், பதிலுக்கு விழாக் கல்வெட்டில் இயக்குநர் பெயருக்கு மேலே என் பெயர் வரவேண்டும் என்றார். கீழே என்று கேட்டிருந்தால்கூட இயக்குநர் யோசித்திருப்பார். மேலே என்றதும், ஒப்பந்த ஆளுக்கெல்லாம் கல்வெட்டா என்று கதவைச் சாத்திக்கொண்டார். கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு மீசை, அந்தப் பக்கம் ஒரு முனைவர் பட்டம். நடுவில் ஊரே சாகவும் பிறக்கவும் முடியாமல் காத்திருந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் கோமதிநாயகம் வீட்டுக்கு நடந்தே போனார். விடிவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

“இவுகளுக்கு மேல ஒருத்தர் கிடையாதா? எல்லாத்தையும் தொறக்குத மாதிரி?”

“தலைச்சாவின்னு ஒண்ணு இருந்துச்சு. வாயில் ஒன்பதுல அதை ஒழிச்சிட்டோம். ‘இனி இந்த நகரில் எவருக்கும் மேலதிகாரம் இல்லை’ன்னு இயக்குநர் பேட்டி குடுத்தார். இன்னிக்கு விருதே அதுக்குத்தான்.”

“அப்போ இவுக கைதான்.”

“ஆமா.”

“கை இந்தா இருக்குல்லா?” என்று உலகம்மாள் பெட்டியின் கண்ணாடியில் விரலால் தட்டினாள். “மயானத்துத் தட்டுல வச்சோமே, ஆளை இன்னாருன்னு கண்டுக்கிட்டுத்தான உசுரோட இருக்காகன்னு சொல்லிச்சு? சூடு இருக்கா, நாடி இருக்கான்னெல்லாம் பார்க்கலியே.”

“ரத்த ஓட்டம் பார்க்கிற தட்டுதான் டெண்டர்ல கேட்டிருந்தோம். வந்து இறங்கினது ரேகை மட்டும் பார்க்கும்.” சொல்லிமுடித்த பிறகுதான் வடிவுக்கு உலகம்மாள் பேச்சை எங்கே கொண்டுபோகிறாள் என்று புரிந்தது. “மதினி, வெறும் தட்டுல வச்சா ஆகாது. சர்வரோட பேசுற மேசையில வைக்கணும். அது ஒண்ணே ஒண்ணுதான். இன்னிக்கு அதை விழா மேடையில கொண்டுபோய் அலங்காரமா வச்சிருக்காங்க. அங்க எப்படி…”

உலகம்மாள் வாசலுக்குக் கையை நீட்டினாள். தெருவிளக்குக் கம்பத்தில் இயக்குநர் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் பற்களுக்குக் கீழே, ‘பொருநைக் குடிமக்கள் அனைவரும் திரண்டு வருக!’

“இவுக குடிமகன்தான?”

“ஆமா.”

“உங்க கணக்குல உசுரோடதான இருக்காக?”

“ஆமா மதினி.”

“பொறவு என்ன? கூப்பிட்டிருக்காக, போகாம இருந்தா மருவாதி இல்ல.” அவள் முந்தானையை உதறி எழுந்தாள். “ஏ பவுல்ராசு! மேளக்காரங்களை எழுப்புங்க. அவுகளைத் தேர்ல உக்காரவைங்க. நேத்துப் போட்ட பூவெல்லாம் வாடிக் கெடக்கு, புதுசாப் போடுங்க. விழாவுக்குப் போறாகல்லா!”

வடிவு அப்போதும் தடுத்திருக்கலாம். அரசு வேலை, ஓய்வூதியம், இயக்குநரின் கையெழுத்துக்குக் காத்திருந்த பதவி உயர்வு எல்லாம் வரிசையாக வந்து மனசுக்குள் நின்று போயின. போகட்டும் என்றிருந்தது.

“நான் முன்னாடி போறேன் மதினி,” என்றாள். “அந்த மேசைகிட்ட நான்தான் இருப்பேன்.”

கலையரங்கத்தில் முனைவர் தெய்வசிகாமணி பேசிக்கொண்டிருந்தார். அவர் வெறுமனே பேசுகிற ஆள் இல்லை, உரையாற்றுவார். காலரில் குத்திய சின்ன மைக்கோடு மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து, நழுவிக்கொண்டே இருந்த சால்வை ஒன்றை அடிக்கடி தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டார். பின்னால் சுவர் உயரத் திரையில் ஒரே ஒரு சுழியம் பளபளத்தது. வந்த புகார்களின் எண்ணிக்கை அது. முன்வரிசையில் தலைநகரத்துச் செயலாளர், வெள்ளை முடி வைத்த ஒல்லியான மனிதர், மடியில் விருதை வைத்துக்கொண்டு கொட்டாவியை மூக்கு வழியாக விட்டுக்கொண்டிருந்தார்.

“ஆயிரமாண்டு ஆட்சி வரலாற்றில்,” என்றார் இயக்குநர், “மக்களிடம் குறையே இல்லாத ஒரு வாரத்தை யாராவது கண்டதுண்டா? இது தொழில்நுட்பம் அல்ல. இது…”

வெளியே பறை முழங்கியது. கூடவே சங்கு.

“…இது மக்களின் கொண்டாட்டம்! கேளுங்கள், வீதியில் அவர்கள் ஆடிப்பாடுவதை!”

கூட்டத்தில் விவரம் தெரிந்த சிலர் சட்டென்று எழுந்து நின்று செருப்பைக் கழற்றினார்கள். அது எந்தக் கொண்டாட்டத்தின் தாளம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. வாசல் காவலர்கள் கதவை மறித்துக்கொண்டார்கள். ஆனால் அந்தக் கதவைத் திறப்பதும் மூடுவதும் காவலர்கள் வசம் இல்லை. வெளியே யாரோ ஒரு கையைத் தூக்கித் தட்டில் வைத்தார்கள். கதவு அகலத் திறந்தது.

“வருக, திரு. கோமதிநாயகம் அவர்களே,” என்றது அரங்கத்தின் தேன் குரல். “தங்கள் வருகையால் பெருமை அடைகிறோம்.”

செவ்வந்தியும் ரோஜாவுமாக ஒரு பூத்தேர் நடுப்பாதையில் ஆடி ஆடி வந்தது. அதில் நெற்றி நிறையத் திருநீற்றோடு, தாடையைக் கட்டிய துணியோடு, மீசையோடு கோமதிநாயகம் உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரு தெருவே, நேற்றுக் காலையிலிருந்து சாப்பிடாத முகத்தோடு வந்தது. விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்த வாசலில் நின்ற பையன், குரல் வரவேற்ற யாரையும் விட்டுவிடக் கூடாது என்ற உத்தரவுப்படி, கோமதிநாயகத்தின் தோளிலும் ஒன்றைப் போர்த்திவிட்டான். பிறகுதான் முகத்தைப் பார்த்தான். தேரைக் கொண்டுவந்து செயலாளருக்குப் பக்கத்தில் இறக்கினார்கள்.

“யார் இவர்?” என்றார் செயலாளர். அவருக்குத் தூக்கம் கலைந்திருந்தது.

“முன்னாள்… ஒப்பந்த… இது சதி சார்!” என்றார் இயக்குநர். “பிணத்தைக் கொண்டுவந்து…”

“பிணமா?” உலகம்மாள் இடுப்பில் கையை ஊன்றினாள். “வாயைக் கழுவுங்க. இப்பத்தான உங்க மிசினு வாங்கன்னு சொல்லிச்சு? இவுகளுக்கு ஒரு குறை இருக்கு. எழுதிக்குடுக்க வந்திருக்காக. மேடைக்கு ஏத்துங்க பவுல்ராசு.”

ஏற்றினார்கள். தடுக்க வேண்டிய காவலர்கள், தடுத்தால் பிணத்தைத் தொட வேண்டிவருமே என்று இரண்டடி தள்ளியே நின்று தடுத்தார்கள். வடிவு மேசையிலிருந்து மாலையை எடுத்துக் கீழே போட்டுவிட்டுத் தட்டைத் துடைத்து வைத்தாள். உலகம்மாள் தன் புருஷனின் மணிக்கட்டைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, உள்ளங்கையைத் தட்டில் பதித்தாள். நேற்றிலிருந்து குளிரில் இருந்த கை. அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

‘வணக்கம் கோமதிநாயகம்,’ என்று மேசையில் எழுத்து வந்தது. ‘உங்கள் ஃபைல்கள்:’ அதற்குக் கீழே ஊர் முழுக்க ஓடியது. கதவுகள், குழாய்கள், பள்ளிக்கூடங்கள், பெயர்கள்.

இயக்குநர் வடிவின் காதருகே குனிந்தார். நிலைமையைத் தனக்குச் சாதகமாகத் திருப்புவதில் அவருக்கு நிகர் கிடையாது.

“நல்லதுதாம்மா நடந்திருக்கு. கை இருக்கும்போதே எல்லா ஃபைலையும் என் பேருக்கு மாத்திடு. மொத்த ஊரையும். சீக்கிரம். உன் பதவி உயர்வுல நாளைக்கே கையெழுத்துப் போடறேன்.”

காலரில் குத்திய மைக்கை அவர் மறந்திருந்தார். ரகசியம் அரங்கத்தின் கடைசி வரிசைவரை கணீரென்று போய்ச் சேர்ந்தது. கடைசி வரிசை அதற்குத் தன் பாணியில் பதில் சொன்னது.

“கையை எடுத்துருவேன்,” என்றாள் உலகம்மாள். “இது எம்புருசன் கை. வடிவு, வேற என்னெல்லாம் செய்யலாம், அதைச் சொல்லு.”

“வாயிலுக்கு மட்டும் எழுத அனுமதி குடுக்கலாம் மதினி. அப்படிக் குடுத்தா எதை எழுதலாம் கூடாதுன்னு மறுபடியும் இவங்கதான் சொல்லுவாங்க. இல்லைன்னா…” வடிவு தயங்கினாள். “எல்லாருக்கும் எல்லாத்துக்கும் குடுக்கலாம். ஏழு, ஏழு, ஏழுன்னு தட்டணும். பார்க்க, எழுத, இயக்க மூணும் சேர்ந்தா ஏழு. உரிமையாளருக்கு ஒரு ஏழு, ஆபீசுக்கு ஒரு ஏழு, ஊருக்கு ஒரு ஏழு.”

அவள் தொழிலில் மூன்று ஏழு என்பது கெட்ட வார்த்தை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, என்ன தலைபோகிற காரியமாக இருந்தாலும் அதை மட்டும் செய்யாதே என்று சொல்லிவைப்பார்கள்.

“எல்லாருக்கும்னா நல்லவங்க கெட்டவங்க எல்லாருக்கும்தான் மதினி. எவன் வேணும்னாலும் எதை வேணும்னாலும் எழுதலாம்.”

“இப்ப மட்டும் நல்லவன் கையிலயா இருக்கு?” என்றாள் உலகம்மாள். “பொணத்தைத் தூக்கிட்டுப் போயித் திரும்பக் கொண்டாந்திருக்கேன் நானு. எனக்கு எவன் பயம் காட்ட? தட்டும்மா.”

வடிவு தட்டினாள். ஏழு. ஏழு. ஏழு.

ஒன்றுமே நடக்காதது போல ஒரு மூச்சு நேரம் போனது. பிறகு திரையில் சுழியம் ஒன்றானது. ‘ஆறாம் தெருவில் விளக்கு எரியவில்லை.’ அப்புறம் இரண்டு, ஏழு, நாற்பது. அப்புறம் எண்களுக்கே மூச்சுவாங்கியது. கூட்டத்தில் எல்லோரும் தங்கள் கையிலிருந்த கருவியில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். குழாயில் வரும் புழு, பள்ளிக்கூடத்துக் கூரை, புது மாப்பிள்ளையின் பட்டுவேட்டி. ‘இயக்குநர் பேச்சு ரொம்ப நீளம்’ என்று ஒன்று வந்தபோது செயலாளர் இருமினார். அந்த எழுத்து எங்கிருந்து வந்தது என்று யாரும் விசாரிக்கவில்லை.

“மதினி,” என்றாள் வடிவு மெதுவாக. “இப்ப அண்ணாச்சியோடதை எழுதலாம்.”

கோமதிநாயகத்தின் ஃபைல் திறந்து நின்றது. பெயர், பிறந்த நாள், ‘உயிருடன்’. உலகம்மாள் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாக அதை அழிக்கத்தான் ஊரைத் திரட்டிக்கொண்டு வந்தாள். அழிக்கப் போன விரல் நின்றுவிட்டது.

“ஒரு இடத்துலயாவது இருந்தாக இவ்வளவு நேரம்,” என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மேடை, செயலாளர், பொன்னாடை எதையும் பொருட்படுத்தாத அழுகை. பறைக்காரர்கள் அடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். பவுல்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார். அழுது முடித்து, மூக்கைத் துடைத்து, அவளே எழுதினாள்.

“நல்லது, நல்லது,” என்று பதறிக்கொண்டு வந்தார் இயக்குநர். காலர் மைக்கைப் பிடுங்கிப் பைக்குள் போட்டிருந்தார். அந்தப் பூத்தேர் மேடையில் நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் அவரைக் குத்தியது. “இனி ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது. உடனே எடுங்க. நம்ம வண்டியைக் குடுங்கப்பா, சைரன் வச்ச வண்டி. உலையில முதல் வரிசை. நான் உத்தரவு போடறேன்!”

வடிவு அவரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

மாநகராட்சி செலவிலேயே, சைரனோடு, கோமதிநாயகம் போய்ச் சேர்ந்தார். மதியத்துக்குள் கடைசித் தெருவில் எல்லா வீட்டிலும் புகை வந்தது. செயலாளர் விருதை மறக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் ஊர் கொஞ்சம் ஆடித்தான் போனது. யார் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் எல்லோரும் திருடுவார்கள் என்று தொலைக்காட்சியில் நிபுணர்கள் சொன்னார்கள். திருட்டு நடக்காமலும் இல்லை. நாலாம் தெருக்காரர் ஒருவர் பக்கத்து வீட்டு மாடியைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் அவருடைய கழிவறையைத் தன் பெயருக்கு மாற்றியதும், சாயங்காலமே சமாதானமாகிவிட்டார்கள். நகரத்தில் முனைவர்கள் திடீரென்று பெருகினார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர், பூக்கட்டுகிறவர், பவுல்ராஜ் எல்லோரும் முனைவர் ஆனார்கள். பவுல்ராஜ் இரண்டு பட்டம் எழுதிக்கொண்டார். மற்றபடி பிறந்தவர்கள் பிறந்தார்கள், செத்தவர்கள் செத்தார்கள். ஒருவர் ஃபைலை இன்னொருவர் ஒரு கண் பார்த்துக்கொள்வது என்று தெருவுக்குத் தெரு பழக்கமாகிக்கொண்டு வந்தது.

அதிகம் கஷ்டப்பட்டவர் இயக்குநர்தான். அவர் ஃபைலில் யாரோ ‘இறந்தவர்’ என்று எழுதிவிட்டார்கள். எழுதியதும் எந்தக் கதவும் அவர் கையை மதிக்கவில்லை. உதவியாளர் திருத்துவார், காப்பி வருவதற்குள் மறுபடியும் செத்திருப்பார். ஒருநாள் முழுக்க லிஃப்டுக்குள் செத்துக் கிடந்தார்.

கடைசியில் வடிவையும் உலகம்மாளையும் தன் அறைக்கு அழைத்தார்.

“போதும் இந்தக் கூத்து. எல்லாத்தையும் பழையபடி பூட்டு.”

“பூட்டணும்னா அனுமதியை மாத்தணும் சார். எழுதுறது யார் வேணும்னாலும் எழுதலாம். அனுமதியை மாத்துறது உரிமையாளர் மட்டும்தான்.” வடிவு அமைதியாகச் சொன்னாள். “அண்ணாச்சி கை வேணும்.”

இயக்குநர் நாற்காலி நுனிக்கு வந்தார்.

“தலைச்சாவி?”

“அதை ஒழிச்சதுக்குத்தான சார் விழா எடுத்தோம்?”

“இது… இது உனக்கு அன்னிக்கே தெரியுமா?”

“தெரியும் சார். இருங்கன்னு சொல்ல வாயெடுத்தேன். நீங்க அதுக்குள்ள சைரன் வண்டி வரவழைச்சிட்டீங்க.”

இயக்குநர் உலகம்மாளிடம் திரும்பினார். குரலைத் தணித்துக்கொண்டார். “அம்மா, அவரோட கைரேகை… ஏதாவது சுவர்ல, பாத்திரத்துல… ஒரு தடயம்…”

“சாம்பலை ஆத்துல கரைச்சாச்சு,” என்றாள் உலகம்மாள். “படித்துறையில போயிக் கையை நீட்டிப் பாருங்க. அவுகளாப் பாத்துக் குடுத்தா உண்டு. கல்லுல பேரை மேல போடச் சொல்லி மறுபடி கேட்டாலும் கேட்பாக.”

“வேற வழியே இல்லையா?”

“இருக்கு சார்,” என்றாள் வடிவு. “வேற ஒரு வாயிலைப் புதுசாத் தொடங்கலாம். ஆனா ஊருல ஒவ்வொருத்தரும் தாங்களா வந்து, கையை வச்சு, எங்களைப் பூட்டுங்கன்னு சொல்லணும். வேணும்னா அறிவிப்புப் போட்டுப் பார்ப்போம்.”

இயக்குநர் சால்வையைத் தோளில் ஏற்றிக்கொண்டு விருட்டென்று எழுந்தார். தலைநகரத்தில் புகார் செய்யப்போவதாகச் சொல்லிக்கொண்டே போய்க் கதவுத் தட்டில் கையை வைத்தார். கதவு அசையவில்லை. இன்னொரு தடவை வைத்தார். துடைத்துவிட்டு வைத்தார்.

“மன்னிக்கவும்,” என்றது தேன் குரல். “மறைந்த முனைவர் தெய்வசிகாமணி அவர்களுக்கு எங்கள் ஆழ்ந்த அஞ்சலி.”

அவர் கதவைப் பார்த்தபடியே நின்றார். திரும்பவில்லை. சால்வை நழுவிக் கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

உலகம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். வடிவின் கையிலிருந்த கருவியை வாங்கி, அவர் ஃபைலைத் திறந்தாள். இப்போது அவளுக்குக் கைபழகிவிட்டது. ஒரு சொல்லை அழித்து, ஒரு சொல்லை எழுதினாள். பிறகு, “இப்ப வச்சுப் பாருங்க சார்,” என்றாள்.

கதவு திறந்தது.

“இன்னிக்கு உசுரோட இருங்க,” என்றாள் உலகம்மாள். “நாளைக்கும் எவனாவது எழுதுவான். எழுதினா என்கிட்ட வந்து சொல்லுங்க. வீட்டுல இல்லைன்னா படித்துறையில இருப்பேன்.”